வால்வா, மாடலிங்கா? முதலில் ஸ்பீக்கர்

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1978-ல் குடிவாடாவில் முதல் கச்சேரி செய்தபோது அவருக்கு ஒன்பது வயது. அவர் கையில் எடுத்த வாத்தியம் கர்நாடக இசைக்குத் தோதானது அல்ல. தட்டிய மறுகணமே மாண்டலினின் ஒலி தேயத் தொடங்கிவிடும். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அசைத்து, இழுத்து, அடுத்த ஸ்வரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தந்தி அடங்கியிருக்கும். நான்கு ஜோடித் தந்திகள் இருந்த இடத்தில் ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டி, அதை மின்சார மாண்டலினாக அவர் வாசித்தார். பிக்கப் வாங்கிய மெல்லிய அதிர்வை ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் கொடுத்தது. கமகத்துக்கு வேண்டிய நீளம் அங்கிருந்து கிடைத்தது. ராணிப்பேட்டையைச் சேர்ந்த கிட்டார் பிரசன்னா கர்நாடக இசையை மின்சாரக் கிட்டாரில் வாசிப்பதற்கும் இதே அடிப்படைதான். இவர்கள் இருவர் கையிலும் ஆம்ப் என்பது சத்தத்தைக் கூட்டும் பெட்டி மட்டும் அல்ல. வாத்தியத்தின் பாதி உடல் அது.

அந்தப் பாதி உடலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில், படவேட்டுக்குத் திரும்பும் இடத்தில் இருக்கிறது சந்தவாசல். ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் அந்த வழியாகத்தான் போகும். சுற்றிலும் ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகள். இப்படிப்பட்ட ஊர்களில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளுக்கு மேடை மூன்று வகை: கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை. அவர்கள் வாங்க நினைக்கும் ஆம்பைப் பற்றி உலகம் முழுக்கப் பேசப்படும் பேச்சோ லண்டன் மதுக்கூடங்களையும் அமெரிக்க வீட்டுக் கார்ஷெட்டுகளையும் மனதில் வைத்துப் பேசப்படுவது. வால்வுதான் உயிருள்ளது, ஆம்பின் ஒலியைக் கணக்காக்கிச் சிப்பில் ஓட்டும் மாடலிங் போலி என்று ஒரு தரப்பு. வால்வு காலாவதியான சரக்கு என்று மறு தரப்பு. இரண்டு தரப்பையும் நம் ஊர் மின்சாரத்தின் மேலும், நம் மைக் செட்டின் மேலும், ஒட்டுச்சுவர் வீட்டின் மேலும் வைத்துப் பார்த்தால் விடை வேறு வரிசையில் வருகிறது. முதலில் ஸ்பீக்கர், அடுத்து கரண்ட், அதற்கும் அடுத்ததுதான் வால்வா மாடலிங்கா என்பது. இந்த வரிசையைத்தான் இங்கே நியாயப்படுத்தப் பார்க்கிறேன்.

வால்வு செய்கிற வேலை

லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் உருவாக்கிய மூன்று முனை வால்வுதான் இந்தக் கதையின் தொடக்கம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு இழை சூடாகி எலெக்ட்ரான்களை விடும். நடுவில் இருக்கும் கம்பி வலைக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம், மறுமுனைத் தகட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சமிக்ஞை. அதை 12 ஏ எக்ஸ் 7 வால்வு படிப்படியாக வளர்க்கிறது. பிறகு 6 எல் 6, இ எல் 34, இ எல் 84 போன்ற பெரிய வால்வுகள் ஸ்பீக்கரை அசைக்கும் வலு தருகின்றன. ரேடியோவுக்காகப் பிறந்த இந்த ஏற்பாட்டைக் கிட்டாருக்கு ஏற்றபடி அமைத்தவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர். அவருடைய 1959-ஆம் ஆண்டு பேஸ்மேன் ஆம்பின் சுற்றைப் பார்த்துத்தான் லண்டன் ஹான்வெல்லில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் தன் ஜே.டி.எம். 45-ஐச் செய்தார். வாக்ஸ் ஏ.சி. 30-உம் அதே காலத்துப் பிள்ளைதான். இன்று மாடலிங் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான ஆம்ப் பெயர்கள் இருந்தாலும், பெரும்பாலானவற்றின் வேர் இந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும்.

வால்வின் அழகு எங்கே இருக்கிறது? அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது அது சமிக்ஞையின் தலையைச் சட்டென வெட்டுவதில்லை, மெல்ல வளைக்கிறது. அந்த வளைவில் புதிய மேல்சுருதிகள் பிறக்கின்றன. கையை மெதுவாக வைத்தால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே விரல் நுனியிலேயே போய் வர முடிகிறது. பலமாகத் தட்டிய கணத்தில் பவர் சப்ளையின் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். அதனால் ஒலி முதலில் அமுங்கிப் பிறகு மலரும். வாசிப்பவர் இதைக் காதால் மட்டுமல்ல, கையாலும் உணர்வார். டிரான்சிஸ்டர் ஆம்புகள், அதிலும் ஆரம்பகாலத்தவை, எல்லையைத் தொட்டதும் கத்தரித்துவிடும். அந்த ஒலி காதைக் கீறும்.

ஆனால் டிரான்சிஸ்டரை மட்டம் என்று தள்ள எனக்கு மனமில்லை. ரோலண்ட் 1975-ல் கொண்டுவந்த ஜே.சி. 120-இல் ஒரு வால்வும் கிடையாது. இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், பக்கத்துக்கு 60 வாட். தெளிந்த ஒலிக்கு அதை உரைகல்லாக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. ராகம் வாசிக்கிறவருக்குக் கரகரப்பு தேவையில்லை. சுருதி சுத்தமும் நீளமும்தான் வேண்டும். அதற்கு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஸ்பீக்கர்

வால்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் பேசாத இடம் இது. கிட்டார் ஸ்பீக்கர் மற்ற ஸ்பீக்கர்களைப் போன்றது அல்ல. சுமார் 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் அது ஒழுங்காக ஒலிக்கும், அதற்கு மேலே வேகமாக அடங்கிவிடும். இந்தக் குறைதான் அதன் குணம். கரகரப்பான ஒலியில் உயர்ந்த அதிர்வெண்கள் ஏராளமாக இருக்கும். அவற்றைக் காகிதக் கோன் விழுங்கிவிடுவதால்தான் நமக்கு அது பாட்டாகக் கேட்கிறது. அதே கரகரப்பை மைக் செட் பாக்ஸில் நேரே விட்டுப் பாருங்கள். டாப்பில் இருக்கிற ட்வீட்டர் எல்லாவற்றையும் அப்படியே கொட்டும், தகரத்தை அரம் போட்டுத் தேய்த்த சத்தம் வரும். மாடலிங் வாங்கி ஏமாந்தேன் என்று சொல்கிற பலருடைய புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மாடலிங் பெட்டிக்குள் நிஜ ஸ்பீக்கரின் வேலையைப் போலச் செய்யும் ஸ்பீக்கர் மாதிரியை அணைத்து வைத்திருப்பார்கள். அல்லது அதைப் போட்டுவிட்டு வயரை மறுபடியும் ஒரு கிட்டார் ஸ்பீக்கரில் சொருகியிருப்பார்கள். முதலாவதில் கரகரப்பு கிழியும், இரண்டாவதில் ஒலி மூடிப் போர்த்திக்கொள்ளும்.

ஸ்பீக்கரின் குணமே இசையாகிவிடும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் கோனை பிளேடால் கீறிவிட்டு வாசித்த ஒலிதான் அவர்களுடைய 1964-ஆம் ஆண்டு பாட்டில் கேட்கிறது. நம் ஊரில் கோன் கிழிந்தால் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுவோம். அவர் கிழித்து வைத்துக்கொண்டார். ராக் இசையின் கரகரப்பு மோகத்துக்கு அந்தக் கிழிசலும் ஒரு வாசல்.

இனி கணக்கு. ஸ்பீக்கரின் உணர்திறனை, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று குறிப்பார்கள். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் 98 டெசிபல், வின்டேஜ் 30 என்ற ஸ்பீக்கர் 100 டெசிபல். ஆம்பின் வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 97 டெசிபல் ஸ்பீக்கரில் 50 வாட் ஆம்பும், 100 டெசிபல் ஸ்பீக்கரில் 25 வாட் ஆம்பும் ஒரே சத்தம்தான் தரும். 25 வாட்டுக்குப் பதில் 50 வாட் ஆம்ப் வாங்கக் கொட்டுகிற பணத்தைவிட ஸ்பீக்கரை மாற்றுகிற செலவு மிகக் குறைவு. கடையில் வாட்டைக் கேட்டு வாங்குகிற பழக்கத்தை விட்டுவிட்டு, பெட்டிக்குள் என்ன ஸ்பீக்கர், எத்தனை டெசிபல் என்று கேட்கத் தொடங்கினால் பாதி ஏமாற்றம் தீரும்.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நடக்கும் ஒரு பரிமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். வால்வின் உண்மையான மேன்மை அங்கேதான் இருக்கிறது. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அல்ல. கீழ் அதிர்வெண்களில், அது இயல்பாக அதிரும் இடத்தில், அதன் மின்மறுப்பு பல மடங்கு ஏறும். மேல் அதிர்வெண்களிலும் காயிலின் தன்மையால் ஏறிக்கொண்டே போகும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பொதுவாக இந்த ஏற்ற இறக்கத்தைச் சட்டை செய்யாது. வால்வு ஆம்ப் அப்படியில்லை. மின்மறுப்பு ஏறுகிற இடத்தில் அதன் மின்னழுத்தமும் ஏறும். அதனால் அடியில் ஒரு அதிர்வும் மேலே ஒரு பளபளப்பும் தானாக வந்து சேர்கின்றன. ஸ்பீக்கரும் ஆம்பும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே வேலை செய்கின்றன என்று சொல்லலாம். முன்பகுதியில் ஒரே ஒரு 12 ஏ எக்ஸ் 7-ஐ வைத்துவிட்டு, பின்பகுதியை டிரான்சிஸ்டரில் முடித்து, "வால்வு" என்று அட்டையில் போட்டு விற்கிற கலப்பு ஆம்புகளில் இந்தப் பரிமாற்றம் பொதுவாக இருக்காது. அந்த ஒரு குழாய்க்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. வால்வு ஆம்பின் சிறப்பை அனுபவிக்க வேண்டுமானால், அந்த ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்று கேட்பவர் காதைத் தொட வேண்டும். சின்ன அரங்கில், நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் அது நடக்கும். திருவிழா மைதானத்தில் நடக்காது. அங்கே ஆம்பின் முன்னால் ஒரு மைக்கை வைப்பார்கள். அது மிக்ஸருக்குப் போய், எக்கோ கலந்து, மேடையின் இரு பக்கமும் அடுக்கிய பாக்ஸ் வழியாக ஊருக்குக் கேட்கும். கூட்டத்தின் காதுக்கு வருவது மைக் செட்டின் ஸ்பீக்கர்தான், உங்கள் கிட்டார் ஸ்பீக்கர் அல்ல.

மாடலிங் வந்த பாதை

மாடலிங் என்பது ஆம்பும் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து செய்கிற வேலையைக் கணக்காக எழுதி ஒரு சிப்பில் ஓட்டுவது. லைன் 6 நிறுவனம் 1996-ல் மாடலிங் ஆம்பையும், 1998-ல் பாட் என்ற சிவப்புப் பெட்டியையும் வெளியிட்டது. அந்தக் காலத்துச் சிப்புகளின் வலு குறைவு. தெளிந்த ஒலியும் முழுக் கரகரப்பும் வந்தன. இரண்டுக்கும் நடுவே விரலோடு போய் வரும் அந்த இடம் வரவில்லை. மாடலிங் மேல் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிற கெட்ட பெயர் அப்போது வந்தது. அதன் பிறகு ஃபிராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ் எஃப் எக்ஸ், 2010-களின் தொடக்கத்தில் கெம்பர், 2015-ல் லைன் 6 ஹீலிக்ஸ் என்று வரிசையாக வந்தன. கெம்பர் போன வழி வேறு. ஆம்பின் ஒவ்வொரு உறுப்பையும் கணக்காக்காமல், எதிரில் இருக்கும் ஒரு நிஜ ஆம்புக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அந்த ஒரு ஆம்பின் அந்த நேரத்து நிலையைப் படியெடுத்தது. இன்று இதையே நரம்பணு வலைப்பின்னல் மூலம் செய்கிற நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் போதும்.

2019-ல் ஃபெண்டரே தன் புகழ்பெற்ற டுவின் ரிவர்ப் ஆம்பை மாடலிங்காகச் செய்து டோன் மாஸ்டர் என்ற பெயரில் விற்கத் தொடங்கியதை நான் முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். வால்வு டுவின் ரிவர்பின் எடை சுமார் 29 கிலோ, டோன் மாஸ்டரின் எடை சுமார் 15 கிலோ. வால்வு ஆம்பின் 85 வாட்டுக்கு ஈடுகொடுக்க உள்ளே 200 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப் வைத்தார்கள். வால்வு வாட்டும் டிரான்சிஸ்டர் வாட்டும் ஒன்றல்ல என்பதை இந்த எண்களே சொல்கின்றன. வால்வு தன் எல்லைக்கு மேல் தள்ளினாலும் இனிமையாக ஒலிக்கும். டிஜிட்டலுக்கு எல்லையைத் தொடாமலிருக்க இடம் விட வேண்டும். அந்தப் பெட்டியிலும் நிஜமான 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர்கள் இரண்டு இருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஆம்பைக் கணக்காக்கினார்கள், ஸ்பீக்கரைக் கணக்காக்கவில்லை.

தாமதம் பற்றிய அச்சத்தைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். நல்ல மாடலிங் பெட்டியில் சமிக்ஞை உள்ளே போய் வெளியே வர ஒருசில மில்லி செகண்ட் ஆகும். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். 3 மில்லி செகண்ட் தாமதம் என்பது ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். யாருடைய விரலையும் அது குழப்பாது.

கணக்கால் செய்த ஒலியை நம் இசை உலகம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம். பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் மின்னணுச் சுருதிப் பெட்டியும் தம்பூராவும் வராத சபா இல்லை. நான்கு தந்தித் தம்பூராவின் ஜீவ ஒலிக்கு அது ஈடல்ல என்று சொல்லும் வித்வான்களே பயணத்தில் அதை எடுத்துப் போகிறார்கள். சுருதி விலகாது, தோளில் தொங்கும், யாரையும் மீட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். அதே வித்வான் முக்கியமான கச்சேரிக்கு நிஜத் தம்பூராவை வைத்துக்கொள்வார். இதில் முரண் எதுவும் இல்லை.

கரண்ட், வெயில், ஒட்டுச்சுவர்

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது எழுத்தில் இருப்பது. ஆடித் திருவிழாவில் ஒரே லைனில் சீரியல் செட், ராட்டினம், மைக் செட், கடைகளின் விளக்கு எல்லாம் ஏறிக்கொள்ளும். தெருவின் கடைசியில் இருக்கும் மேடைக்கு 180 வோல்ட் வருவது ஒன்றும் அதிசயமில்லை. வால்வின் இழைக்குத் தேவை 6.3 வோல்ட், ஏறத்தாழ பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இதை லைனிலிருந்து நேர் விகிதத்தில் இறக்கித் தருகிறது. 230 இருக்கும் இடத்தில் 180 வந்தால் இழைக்குக் கிடைப்பது 4.9 வோல்ட். ஆம்ப் சோர்ந்துபோகும், ஒலி தொய்ந்துபோகும், வெகுநேரம் அப்படி ஓடினால் வால்வுக்கும் கேடு. ஜெனரேட்டருக்கு மாறும்போது எகிறும் மின்னழுத்தம் அதைவிட மோசம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பாக இருந்தால் நடுவே ஒரு கனமான இறக்கு டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். மாடலிங் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் வருகிறது. லைன் தடுமாறினாலும் உள்ளே இருக்கும் சிப்புக்கு ஒரே மின்னழுத்தம்தான் போகும். வால்வு ஆம்பை மேடைக்குக் கொண்டுபோவதென்றால் நல்ல ஸ்டெபிலைசரும் ஒரு மல்டிமீட்டரும் கூடவே போக வேண்டும். பிளக்கைச் சொருகும் முன்னால் மீட்டரை வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீரியல் செட்டும் எல்.இ.டி. விளக்குகளும் கிட்டாரின் பிக்கப்பில் ஏற்றுகிற இரைச்சல் இரண்டு வகை ஆம்பிலும் ஒன்றுதான். சரியான எர்த் இல்லாத மேடையில் வால்வாலும் மாடலிங்காலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. எர்த் இல்லாமல் இரைச்சல் மட்டுமல்ல, மைக்கில் வாய் வைக்கும்போது ஷாக்கும் அடிக்கும். மைக் செட் அண்ணனிடம் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

கத்திரி வெயிலில் வேலூர் வட்டாரம் 40 டிகிரியைத் தாண்டும். வால்வுகளே அடுப்பு. மூடிய மேடையில், பின்னால் துணி கட்டிய இடத்தில் வால்வு ஆம்புக்குக் காற்று வேண்டும். வேனில் தூக்கிப்போட்டுக் குலுங்கினால் வால்வின் உள்ளுறுப்பு தளர்ந்து தானாகவே ஒலிக்கத் தொடங்கும். இவையெல்லாம் சமாளிக்க முடியாதவை அல்ல. உலகம் முழுக்க அரை நூற்றாண்டு அப்படித்தான் வாசித்தார்கள். ஆனால் தூக்கிச் சுமக்க ஆளும், பராமரிக்க நேரமும் உள்ள குழுவுக்குத்தான் அது சாத்தியம்.

வீடு இன்னொரு கதை. நெசவு வீட்டில் முன்கூடத்தில் தறி, பக்கத்து வீட்டோடு ஒட்டுச்சுவர். 15 வாட் வால்வு ஆம்பை அதன் அழகு வரும் அளவுக்குத் திறந்தால், 100 டெசிபல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 112 டெசிபல். திறந்தவெளியில் 16 மீட்டர் தள்ளிக்கூட 88 டெசிபல் இருக்கும். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகள் அனுமதிப்பது பகலில் 55, இரவில் 45. ஒரு வாட் வால்வு ஆம்ப் வாங்கினால் தீருமே என்பார்கள். ஒரு வாட்டே 100 டெசிபல்தான்! அந்த அளவில் பாதுகாப்பாகக் கேட்கக் கூடிய நேரம் ஒரு நாளைக்குக் கால் மணி. நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குமேல் கிட்டாரை எடுக்கிறவருக்கு ஹெட்ஃபோன் மட்டுமே வழி. மாடலிங் செய்த மிகப்பெரிய நன்மையாக நான் இதைத்தான் சொல்வேன். சின்ன வீட்டுப் பிள்ளைகளுக்கு ராத்திரியில் பயிற்சி செய்யும் வாய்ப்பை அது கொடுத்தது. வால்வு ஆம்ப் காலத்தில் அந்த வாய்ப்பு தனி வீடு உள்ளவர்களிடம் மட்டும் இருந்தது.

மெல்லிசைக் குழுவின் தேவையும் மாடலிங் பக்கமே சாய்கிறது. ஒரே இரவில் 'இளைய நிலா'வுக்கு அகௌஸ்டிக் கிட்டாரின் மணி போன்ற தெளிவு வேண்டும், அடுத்த பாட்டுக்கு எண்பதுகளின் டிஸ்கோ தாளத்துக்கு வா வா பெடல், அதற்கடுத்து புதுப்பட அறிமுகப் பாட்டுக்கு முழுக் கரகரப்பு. பாட்டுக்குப் பாட்டு அரை நிமிடம்கூட இடைவெளி கிடைக்காது. இதை ஒரு வால்வு ஆம்பை வைத்துச் செய்ய, காலடியில் பத்துப் பெடலும் அவற்றுக்கான வயரும் பரப்ப வேண்டும். மாடலிங் பெட்டியில் பாட்டு வரிசைக்கேற்ப ஒலிகளைச் சேமித்து வைத்து, காலால் ஒரு மிதி.

பழுது

இந்த இடத்தில் வால்வு திரும்பி எழுகிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய ஃபெண்டர் ஆம்ப் இன்றும் ஓடுகிறது. அதிலுள்ள ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்க்கலாம், சூட்டுக்கோலால் மாற்றலாம். வால்வு ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய கைகள் நம் ஊர்களில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன. 1954-ல் தொடங்கிய பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸே ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் தயாரித்தது. இப்போது உலகில் கிட்டார் வால்வுகள் வருவது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகளின் வரத்து தடைப்பட்டு விலை ஏறியது. ஒரு செட் வால்வு கூடுதலாக வாங்கி வைக்காமல் வால்வு ஆம்ப் வாங்காதீர்கள்.

மாடலிங் பெட்டி கெட்டால் உள்ளே தெரிவது மணல் அளவு உறுப்புகள் ஒட்டிய ஒரே பலகை. போளூரிலோ ஆரணியிலோ மட்டுமல்ல, சென்னை ரிச்சி தெருவிலும் அதைப் பிரித்துச் சரிசெய்வது அரிது. பலகையையே மாற்ற வேண்டும், அந்தப் பலகை பத்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. வாங்கும்போது மாடலிங் மலிவாகத் தெரியும். முப்பது வருடக் கணக்கில் அது அவ்வளவு மலிவல்ல.

ஸ்பீக்கர் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. காயில் கருகினாலும் கோன் கிழிந்தாலும் மைக் செட் கடைக்காரர்களுக்கு ரீவைண்டிங் அத்துப்படி. ஆனால் மைக் செட் கோனைக் கிட்டார் ஸ்பீக்கரில் ஒட்டினால் ஒலியின் குணம் போய்விடும். அதே வகைக் கோன் கிட்டை வரவழைத்து ஒட்டச் சொல்ல வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை ஒன்று. வால்வு ஆம்புக்குள் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது. அதேபோல், ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஆம்பையும் ஸ்பீக்கரையும் இணைப்பதற்குக் கிட்டார் வயரைப் பயன்படுத்தாமல், அதற்கென உள்ள தடித்த ஸ்பீக்கர் வயரையே பயன்படுத்துங்கள்.

யாருக்கு எது

திருவிழா, கல்யாணம் என்று சுற்றுகிற மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரருக்கு மாடலிங் தரைப்பெட்டிதான் சரி. ஸ்பீக்கர் மாதிரியைப் போட்டு, சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்ஸருக்குக் கொடுங்கள். கிட்டார் சேனலில் எக்கோவை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் காதுக்கு ஒரு மானிட்டர் கேட்டு வாங்குங்கள். மிச்சப் பணத்தை முழு அலைவரிசை மானிட்டர் ஒன்றில் போட்டால் எந்த ஊர் மைக் செட்டாக இருந்தாலும் கவலையில்லை.

சபையில் வாரம் ஒரே இடத்தில், ஒரே அறையில் வாசிக்கிறவர் நிலை வேறு. ஆம்ப் அங்கேயே இருக்கும், கரண்ட் ஓரளவு நிலையாக இருக்கும், ஜனங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நிஜ 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள சின்ன மாடலிங் ஆம்போ தெளிவான டிரான்சிஸ்டர் ஆம்போ போதும்.

ராகம் வாசிக்க விரும்புகிறவர் முதலில் தெளிந்த ஒலியையும் ஸ்பீக்கரையும் பார்க்கட்டும். கரகரப்பு மாதிரிகளின் எண்ணிக்கை அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர், நிலையான மின்சாரமும் ஒலி அடைத்த அறையும் உள்ளவர், ஒரே ஒரு ஒலியை வாழ்நாள் முழுக்கச் செப்பனிட விரும்புகிறவர் ஆகிய இவர்களுக்கு வால்வு ஆம்ப் நிச்சயம் தகும். விரலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அது தருகிற உறவை நான் இன்றும் மேலானதாகவே மதிக்கிறேன்.

ஒரு வேலை மட்டும் யாரும் செய்யாமல் கிடக்கிறது. மாடலிங் பெட்டிகளின் பட்டியலைத் திறந்தால் ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் என்று போகும். நம் செவியில் பதிந்த மின்னொலி எது? அஹுஜா போன்ற நிறுவனங்களின் வால்வு ஆம்பும், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் சேர்ந்து ஆடி மாத விடியலில் ஊரை எழுப்பிய ஒலி. குழாயின் யூனிட் கீழ் அதிர்வெண்களை அடியோடு விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் முன்னால் தள்ளும். அந்தக் குணத்தில் ஒரு கிட்டார் வரி ஒலித்தால் தமிழ்க் காதுகள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். மைக் செட் கடைகளின் பரணில் அந்த வால்வு ஆம்புகளும் குழாய்களும் இன்னும் சில கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடும் முன் படியெடுக்க இப்போது வழி இருக்கிறது. பழுதுபார்த்த ஆம்புக்குத் தகுந்த சுமையை இணைத்து, லேப்டாப்பிலிருந்து சோதனை ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவுசெய்து நியூரல் ஆம்ப் மாடலருக்குக் கொடுத்தால் ஆம்பின் படி தயார். குழாய் ஸ்பீக்கரை அறுவடை முடிந்த வயலில் கம்பத்தில் கட்டி, கீழ்ஸ்தாயியிலிருந்து மேல்ஸ்தாயிக்கு ஏறும் ஒற்றை ஒலியை அதில் ஓட்டி, எதிரில் ஒரு நல்ல மைக்கை வைத்தால் ஸ்பீக்கரின் ஒலிக்குணத்தைப் பதிந்த ஐ.ஆர். கோப்பு கிடைத்துவிடும். சந்தவாசலைச் சுற்றி மைக் செட் வைத்திருப்பவர்களும் கணினி தெரிந்த பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. கோப்புகளை இலவசமாக விட்டால், உலகத்தில் எந்த மூலையில் கிட்டார் வாசிக்கிறவரும் நம் ஊர்க் குழாயில் வாசிக்கலாம்.